தாகம் லேட்டாத்தான் வரும்

போன மே மாதம் எங்க அம்மாயி வாசலில் உட்கார்ந்த இடத்திலேயே மயங்கிச் சரிந்துவிட்டார். உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்றார் டாக்டர். "ஏனுங்க அம்மாயி, தண்ணி குடிக்கலாமல்ல?" என்று கேட்டால், "தாகமே எடுக்கலியே சாமி" என்கிறார். மாசித் தேருக்குத் தண்ணீர் சேவை செய்கிற காரமடையில் இப்படி ஒருத்தர்!

வயசானால் தாக உணர்வு மங்குமாம். அதைத் தேடிப் படிக்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை. (பி.காம். படிக்கிறவனுக்கு எதுக்கு மூளை நரம்பு என்று கேட்காதீங்க.)

தாகம் தொண்டையில் பிறப்பதில்லை. 1950களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் பெங்க்ட் ஆண்டர்சன் என்பவர் ஆட்டு மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் துளி உப்புநீரைச் செலுத்தினார். தண்ணீரே தேவைப்படாத ஆடு மடமடவென்று குடித்தது. ரத்தத்தில் உப்பின் செறிவு ஓரிரு சதவீதம் கூடினாலே அந்த இடம் கண்டுகொள்கிறது. ஆனால் முதலில் சிறுநீரகத்துக்குத்தான் 'தண்ணீரை வெளியே விடாதே' என்று தகவல் போகும். அதற்கப்புறம்தான் நமக்குத் தாகமே தெரியும்.

இன்னொரு வேடிக்கை. குடித்தவுடன் தாகம் அடங்கிவிடுகிறது, ஆனால் அந்தத் தண்ணீர் ரத்தத்தில் சேரப் பத்து நிமிஷமாவது ஆகும். நாக்கும் தொண்டையும் முன்கூட்டியே 'போதும்' சொல்லிவிடுகின்றன. விழுங்கிய தண்ணீரை வயிற்றுக்குப் போகவிடாமல் வெளியே வழியவிட்டு நாய்களிடம் சோதித்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் அடங்கும், மறுபடி தாகம் வந்துவிடும்.

இதைப் படித்ததும் எனக்கு 'தண்ணீர் தண்ணீர்' படம்தான் ஞாபகம் வந்தது. கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை கே.பாலசந்தர் 1981இல் படமாக்கினார். சரிதா நடித்தது. திரைக்கதைக்கும், சிறந்த தமிழ்ப் படத்துக்கும் தேசிய விருது வாங்கியது. கோவில்பட்டிப் பக்கம் அத்திப்பட்டி என்று ஒரு கிராமம். ('சிட்டிசன்' அத்திப்பட்டி வேற!) தலைமறைவாக வந்த வெள்ளைச்சாமி மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து தருகிறான். வாக்குறுதி கேட்டுக் கேட்டு அலுத்த ஊர், தேர்தலைப் புறக்கணிக்கிறது. தாங்களே கால்வாய் வெட்டுகிறார்கள். அரசாங்கம் அப்போதுதான் ஓடி வருகிறது, அதுவும் தடுக்க!

சினிமா மிகைப்படுத்துது என்று நினைத்தால் 1996ஐப் பாருங்க. நல்கொண்டாவில் (அப்போது ஆந்திரா, இன்று தெலங்கானா) நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. அங்கே தண்ணீர் இருந்தது, குடித்தால் எலும்பு வளைந்தது. நல்ல தண்ணீர் கேட்டுக் கேட்டு ஓய்ந்தவர்கள் மக்களவைத் தேர்தலில் கூட்டமாக மனு போட்டார்கள். மொத்தம் 480 வேட்பாளர்கள்! அதே வருஷம் நம்ம ஈரோடு பக்கம் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறைகளுக்காக இதையே செய்ய, 1,033 பேர். வாக்குச்சீட்டு புத்தகம் மாதிரி ஆகி, இரண்டு இடத்திலும் தேர்தல் தள்ளிப்போனது. டெல்லிக்கு உறைத்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? டெபாசிட்டை ஏற்றினார்கள். சட்டமன்றத்துக்கு 250 ரூபாய் 5,000 ஆனது. 20 மடங்கு. எங்க டிபார்ட்மெண்ட் கணக்கில் இதுக்குப் பேர் டிமாண்டைக் குறைப்பது :)

நாக்கை நனைத்தே காலம் ஓட்டியதற்கு நம்ம பக்கமே உதாரணம் இருக்கிறது. பவானி உபரி நீரைக் குளங்களுக்குக் கொண்டுவரும் அத்திக்கடவு-அவிநாசி திட்டத்துக்கு அறுபது வருஷத்துக்கு மேல் கோரிக்கை. எத்தனை தேர்தல், எத்தனை வாக்குறுதி! 2016 பிப்ரவரியில் அவிநாசியில் மக்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அடிக்கல் 2019இல். திறந்தது 2024 ஆகஸ்ட் 17. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகள். கேட்டுத் தொடங்கிய தலைமுறையில் பாதிப் பேர் பார்க்க இல்லை.

அம்மாயிக்கு இப்போது தாகத்தை நம்புவதில்லை என்று முடிவு. மணிக்கு ஒரு டம்ளர். வேண்டாம் என்றாலும் விடுவதில்லை. குடித்தாரா இல்லையா என்று காலண்டர் தாளின் பின்பக்கம் நான்தான் கணக்கு எழுதுகிறேன்.