நைட்ரஸ் ஆக்ஸைடும் தீப்பொறியின் நேரமும்: கார் இன்ஜினைக் காக்கும் சில பாகைகள்

புது தில்லி: கார் இன்ஜினின் திறனைச் சில விநாடிகளுக்கு மட்டும் கூட்டிக்கொள்ள நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவைச் செலுத்தும் முறை, 2001-ஆம் ஆண்டு வெளியான ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்’ ஹாலிவுட் திரைப்படத்துக்குப் பின் உலகெங்கும் கார் ஆர்வலர்களிடையே பரவலாக அறியப்பட்டது. பொத்தானை அழுத்தியதும் கார் பாய்கிறது என்பதே திரையில் காணும் காட்சி. ஆனால், இன்ஜினுக்குள் தீப்பொறி எந்தக் கணத்தில் தோன்ற வேண்டும் என்ற கணக்கு திரையில் தெரிவதில்லை. அது சில பாகைகள் பிசகினால், பிஸ்டன் உடைவதற்கு ஒரே ஓட்டம் போதும்.

இந்தக் கணக்குக்குப் பட்டறைகளில் ஓர் எளிய விதி வழங்கி வருகிறது. நைட்ரஸ் மூலம் கூட்டப்படும் ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் தீப்பொறியை 2 பாகை தாமதப்படுத்த வேண்டும் என்பதே அது. அமெரிக்காவின் பெரிய வி8 இன்ஜின்களைச் சுற்றி வளர்ந்த இவ்விதியை இந்தியாவின் சிறிய பெட்ரோல் இன்ஜின்களுக்கு அப்படியே கொண்டுவருவது ஆபத்தானது. அதற்கான காரணங்கள் இன்ஜினின் அளவிலும், இங்குள்ள வெயிலிலும், இப்போது விற்பனையாகும் பெட்ரோலிலும் இருக்கின்றன.

வாயு செய்யும் வேலை

நைட்ரஸ் ஆக்ஸைடு எரிபொருள் அன்று. தானாக எரியாத இவ்வாயு, பிறபொருள் எரிவதற்கு ஆக்சிஜனைத் தருகிறது. ஜோசப் பிரீஸ்ட்லி 1772-இல் இதைக் கண்டறிந்தார். மயக்க மருந்தாக மருத்துவமனைகளில் நன்கு அறியப்பட்ட இவ்வாயுவை இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் போர் விமானங்கள் ‘ஜிஎம்-1’ என்ற பெயரில் பயன்படுத்தின. காற்று அடர்த்தி குறைந்த உயரங்களில் இன்ஜின் திறன் இழக்காமல் இருக்க அது உதவியது.

காற்றின் எடையில் ஏறத்தாழ 23 சதவீதம் ஆக்சிஜன். நைட்ரஸ் ஆக்ஸைடின் எடையிலோ அது 36 சதவீதம். சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் ஏறும்போது மூலக்கூறு பிளந்து ஆக்சிஜன் விடுபடுகிறது; அந்தப் பிளவே வெப்பத்தையும் வெளியிடுகிறது. பாட்டிலில் திரவமாக இருக்கும் இவ்வாயு, மைனஸ் 88 டிகிரியிலேயே கொதிக்கும் இயல்புடையது. ஆகவே, காற்றுக் குழாயில் பீய்ச்சப்பட்டதும் ஆவியாகி உட்செல்லும் காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது என்பதால் அதுவும் ஒரு கூடுதல் பலன்.

கூடுதலாக வரும் ஆக்சிஜனுக்கு ஈடாகக் கூடுதல் பெட்ரோலும் வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ ஒன்பதரைப் பங்கு எடையுள்ள நைட்ரஸ் தேவை. இப்பெட்ரோலை வாயுவுடன் சேர்த்தே பீய்ச்சும் அமைப்பை ‘வெட்’ என்றும், வாயுவை மட்டும் செலுத்திவிட்டு இன்ஜினின் இன்ஜெக்டர்கள் வழியே பெட்ரோலைக் கூட்டும் அமைப்பை ‘டிரை’ என்றும் அழைக்கின்றனர்.

தீப்பொறி ஏன் முந்துகிறது, ஏன் பிந்த வேண்டும்

சிலிண்டருக்குள் நிகழ்வது வெடிப்பு என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், முறையாக ஓடும் இன்ஜினில் அது ஓர் எரிதலே. ஸ்பார்க் பிளக்கில் தொடங்கும் தழல், சிலிண்டரின் மறுசுவர் வரை பரவ ஓரிரு மில்லி விநாடி ஆகிறது. மிகச் சிறிய நேரம்தான். ஆனால், நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழலும் இன்ஜினில் ஒரு மில்லி விநாடிக்குள் கிராங்க் தண்டு 36 பாகை திரும்பிவிடுகிறது. எனவே, பிஸ்டன் மேல்முனையை எட்டுவதற்கு முன்பாகவே தீப்பொறி தோன்ற வேண்டும். பழைய வி8 இன்ஜின்களில் முழு த்ராட்டிலில் இந்த முன்கூட்டல் 35 பாகை அளவுக்கு இருக்கும். சிலிண்டருக்கு நான்கு வால்வுகளும் நடுவில் பிளக்கும் கொண்ட இன்றைய இன்ஜின்களில் தழல் கடக்க வேண்டிய தொலைவு குறைவு. முன்கூட்டலும் குறைவாகவே போதும்.

இவையெல்லாம் ஒரே இலக்கை நோக்கியவை. எரிதலின் உச்ச அழுத்தம், பிஸ்டன் மேல்முனையைத் தாண்டி ஏறத்தாழ 15 பாகை கீழிறங்கும் நிலையில் அமைய வேண்டும். அப்போதுதான் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும் பயனுள்ள உந்தாக மாறுகிறது.

நைட்ரஸ் சேரும்போது எரிதல் விரைவடைகிறது. காற்றில் உள்ள நைட்ரஜன் தழலின் வேகத்தைத் தணிக்கும் தன்மையது. ஆக்சிஜனின் விகிதம் உயர, அந்தத் தணிப்பு குறைகிறது. தீப்பொறி பழைய நேரத்திலேயே வந்தால், உச்ச அழுத்தம் முன்கூட்டியே, பிஸ்டன் இன்னும் மேல்முனையை ஒட்டியிருக்கும்போதே வந்துவிடும். விலகிச் செல்ல இடமில்லாத பிஸ்டன் மீது அழுத்தமும் வெப்பமும் குவிகின்றன. தழல் இன்னும் சென்றடையாத மூலையில் எஞ்சியிருக்கும் கலவை, அந்த நெருக்கடி தாங்காமல் தானாகவே பற்றிக்கொள்கிறது. ஓட்டுநர்கள் ‘நாக்கிங்’ என்று அறிந்த உலோகத் தட்டல் ஒலி இதுதான். சாதாரண ஓட்டத்தில் அது ஓர் எச்சரிக்கை; நைட்ரஸ் ஓடும்போது பல நேரங்களில் அந்த ஒலி காதில் விழுவதற்குள் பிஸ்டன் வளையங்களைத் தாங்கும் விளிம்பு உடைந்தோ, சிலிண்டர் தலைக்கு அடியிலுள்ள கேஸ்கெட் கிழிந்தோ போயிருக்கும்.

தீப்பொறியைத் தாமதப்படுத்துவது இதனால்தான். அதற்காக அளவுக்கு மீறித் தாமதப்படுத்துவதும் தீர்வாகாது. பிந்திய தீப்பொறியில் கலவை எரிந்து முடியும் முன்னரே வெளியேற்று வால்வு திறக்கிறது. திறன் குறைவதுடன், வால்வுகளும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் மிகை வெப்பத்துக்கு ஆளாகின்றன. ஆயினும் இவ்விரு பிழைகளும் சமமானவை அல்ல. பிந்தினால் இழப்பது சில குதிரைத்திறன். முந்தினால் இழப்பது இன்ஜின்.

ஒரே 50 குதிரைத்திறன், இரு வேறு சுமைகள்

5.7 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு வி8 இன்ஜினில் 50 குதிரைத்திறன் கூட்டினால், லிட்டருக்குக் கூடுவது 9 குதிரைத்திறனுக்கும் குறைவு. இந்தியச் சாலைகளில் மிகுதியாகக் காணப்படும் 1.2 லிட்டர் இன்ஜினில் அதே அளவைக் கூட்டினால், அது லிட்டருக்கு 42 குதிரைத்திறன் ஆகிறது. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் நிகழும் எரிதலுக்கு இந்த விகிதமே பொருட்டு. பெட்டியின் மீது அச்சிட்ட மொத்த எண் அன்று. அந்தச் சிறிய இன்ஜின் தாங்கும் சுமையை வி8 அளவில் கணக்கிட்டால், அது 230 குதிரைத்திறனுக்கு மேல் கூட்டியதற்கு ஒப்பாகும். அங்கு எவரும் 2 பாகைத் தாமதத்துடன் நிறுத்தமாட்டார்கள்.

இந்த ஒப்பீட்டைத் துல்லியமான சூத்திரமாகக் கொள்ள இயலாது. எரியறையின் வடிவம், அழுத்த விகிதம், பிளக்கின் இடம் ஆகியவற்றுக்கேற்பத் தேவை மாறும். ஆனால், தொழிற்சாலைப் பிஸ்டன்களுடன் இருக்கும் சிறிய இன்ஜினுக்கு 50 குதிரைத்திறன் என்பது ‘தொடக்க நிலை’ அன்று என்பதை அது தெளிவாக்குகிறது. அத்தகைய இன்ஜினில் 20 அல்லது 25 குதிரைத்திறன் ஜெட்டுடன் தொடங்குவதே பொருத்தம்.

எந்தச் சுழற்சி வேகத்தில் வாயுவைத் திறப்பது என்பதும் இதே அளவுக்கு முக்கியமானது. ஜெட் வழியே விநாடிக்கு விநாடி பாயும் வாயுவின் அளவு ஏறத்தாழ மாறாதது. இன்ஜினின் வேகம்தான் மாறுகிறது. 6,000 சுற்றில் ஓர் எரிதலுக்குக் கிடைக்கும் நைட்ரஸைப்போல் இருமடங்கு, 3,000 சுற்றில் கிடைக்கும். 50 குதிரைத்திறன் ஜெட், 6,000 சுற்றில் சுமார் 59 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைக் கூட்டினால், 3,000 சுற்றில் 119 நியூட்டன் மீட்டரைக் கூட்டுகிறது. 1.2 லிட்டர் இன்ஜின் ஒன்றின் மொத்த முறுக்குவிசையே அந்த அளவில்தான் இருக்கும். அதாவது, அந்தக் கணத்தில் இன்ஜின் மீதான சுமை இரட்டிப்பாகிறது. இதனால்தான் முழு த்ராட்டிலில் மட்டும் இயங்கும் சுவிட்சும், குறிப்பிட்ட சுழற்சி எல்லைக்குள் மட்டும் வாயுவைத் திறக்கும் ‘விண்டோ சுவிட்சும்’ தவிர்க்க முடியாதவையாகக் கருதப்படுகின்றன.

இ-20 பெட்ரோலும் இந்திய வெயிலும்

நாடெங்கும் தற்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல் விற்கப்படுகிறது. இதன் ஆக்டேன் எண் 95. முன்பிருந்த சாதாரண பெட்ரோலுக்கு அது 91. நாக்கிங்கைத் தடுக்கும் ஆற்றல் உயர்ந்திருப்பது நைட்ரஸுக்குச் சாதகமே. ஆனால், எத்தனால் எரியக் குறைந்த காற்றே போதும். ஒரு கிலோ தூய பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று தேவையெனில், இ-20-க்கு 13.5 கிலோ போதுமானது. எத்தனால் கலவாத பெட்ரோலுக்கெனத் துளையிடப்பட்ட ஜெட்டில் இ-20 பாய்ந்தால், தேவையைவிட 7 முதல் 8 சதவீதம் குறைவான எரிபொருளே சேரும். ஆக்டேன் தந்த பாதுகாப்பை இந்த வறட்சி பறித்துக்கொள்ளக்கூடும். எரிபொருள் ஜெட்டை மாற்றாமல் தீப்பொறியை மட்டும் திருத்துவது, காரணத்தை விட்டுவிட்டு விளைவைத் துரத்துவதாகும்.

இந்தியன் ஆயில் நிறுவனம் 2020 டிசம்பரில் அறிமுகப்படுத்திய ‘எக்ஸ்பி100’ போன்ற 100 ஆக்டேன் பெட்ரோல், சில நகரங்களில் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தும் பட்டறைகளும் ஜெட்டுகளைப் புதிதாகவே கணக்கிட வேண்டும்.

வெயில் மற்றொரு சிக்கல். 20 டிகிரியில் நைட்ரஸ் பாட்டிலின் அழுத்தம் 50 பார் அளவில் இருக்கும். பெரும்பாலான அமைப்புகள் எதிர்பார்ப்பது 62 முதல் 69 பார். குளிர் நாடுகளில் இதற்காகவே பாட்டிலைச் சூடேற்றும் உறை விற்கப்படுகிறது. மே, ஜூன் மாதங்களில் 45 டிகிரியைத் தொடும் வட இந்திய நகரங்களில் நிலைமை நேர்மாறு. 36.4 டிகிரியைக் கடந்ததும் நைட்ரஸ் ஆக்ஸைடுக்குத் திரவம், வாயு என்ற வேறுபாடே மறைந்துவிடுகிறது. அதன்பின் அழுத்தம் செங்குத்தாக ஏறும். மூடிய காரின் டிக்கியில் நண்பகலில் கிடந்த பாட்டில் அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும். காலையில் துல்லியமாக அமைத்த கலவையும் தீப்பொறி நேரமும் பிற்பகலில் பொருந்தாமல் போவதன் மர்மம் இதுவே. இங்கு தேவைப்படுவது சூடேற்றும் உறையன்று, அழுத்தமானியும் நிழலும்தான்.

பட்டறையில் நேரம் அமைக்கும் விதம்

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய கார்களில், அதைத் திருகினால் எல்லா வேகங்களிலும் தீப்பொறி ஒரே அளவு பிந்தும். அன்றாட ஓட்டம் மந்தமாகும். இன்றைய கார்களில் இசியு எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினி, வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப ஓர் அட்டவணையிலிருந்து நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறது. நைட்ரஸ் வால்வு திறக்கும்போது மட்டும் செயல்படும் தனி அட்டவணையை அதில் எழுதலாம். இல்லையேல், தாமதப்படுத்தும் தனிக் கருவியை இணைக்கலாம்.

இங்கு அனுபவமுள்ளவர்களும் தவறும் இடம் ஒன்றுண்டு. உட்செல்லும் காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சாருக்கு முன்னால் நைட்ரஸ் முனையைப் பொருத்திவிட்டால், உறைகுளிர் வாயு சென்சாரைத் தாக்கும். மிகக் குளிர்ந்த காற்று வருவதாக நம்பும் இசியு, தீப்பொறியைப் பிந்தச் செய்வதற்கு மாறாக முந்தச் செய்யக்கூடும். முனை சென்சாரைத் தாண்டியே அமைய வேண்டும். தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட நாக் சென்சாரையும் காவலாக நம்ப இயலாது. நாக்கிங் நிகழ்ந்த பிறகே அது நேரத்தைத் திருத்துகிறது.

கணினித் திரை காட்டும் பாகையும் கிராங்க் புல்லியில் உண்மையாக நிகழும் பாகையும் ஒன்றுதானா என்பதை டைமிங் லைட் கொண்டு சரிபார்ப்பதே முதல் வேலை. பின்னர், தேவை என்று கருதுவதைவிட இரண்டு, மூன்று பாகை கூடுதலாகவே தாமதப்படுத்தி, மிகச் சிறிய ஜெட்டுடன் டைனோ மேடையில் ஓட்டம் தொடங்குகிறது. ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் ஒரு பாகை முன்னகர்த்திப் பார்க்கின்றனர். முறுக்குவிசை உயர்வது நின்ற இடத்திலிருந்து ஒரு பாகை பின்வாங்கி நிறுத்திக்கொள்வது வழக்கம். கடைசி இரண்டு குதிரைத்திறனைத் தேடிச் செல்வதில் இலாபம் ஏதுமில்லை.

ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பிளக்கைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்ப்பது இன்றும் மறையாத பழக்கம். வெண்பீங்கான் மீது கரும்புள்ளிகளோ, மினுங்கும் அலுமினியத் துகள்களோ தென்பட்டால் நாக்கிங் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தத் துகள்கள் பிஸ்டனிலிருந்து வந்தவை. பிளக்கும் வழக்கமானதைவிட ஒன்று அல்லது இரண்டு நிலை ‘குளிர்ந்த’ வகையாக, இடைவெளி சற்றுக் குறைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால், சூடேறிச் சிவந்த அதன் முனையே தீப்பொறிக்கு முன்பாகக் கலவையைப் பற்றவைத்துவிடும். அப்போது எத்தனை பாகை தாமதம் வைத்திருந்தாலும் அதற்குப் பொருளில்லை.

சட்டம் சொல்வது

பொதுச்சாலையில் ஓடும் வாகனத்தைத் தயாரிப்பாளர் குறித்த மூல விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விபத்து நேர்ந்தால், அறிவிக்கப்படாத மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு. அழுத்தத்தில் நிரப்பிய உருளைகளுக்கு 2016-ஆம் ஆண்டு வாயு உருளை விதிகள் தனியே பொருந்தும். ஆகவே, நைட்ரஸுக்கு உரிய இடம் கிரேட்டர் நொய்டாவின் புத்த சர்வதேசத் தடம், கோவையின் காரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற மூடிய பந்தயத் தடங்களே. அங்கும் அந்தந்தப் போட்டிப் பிரிவின் விதிகள் அனுமதித்தால் மட்டுமே பாட்டிலைத் திறக்க முடியும்.