ஸ்டேட்டின் விவாதம்

இரத்தத்தில் மிகும் கெட்ட கொழுப்பை (எல்டிஎல் கொலஸ்ட்ராலை) உணவுக் கட்டுப்பாட்டாலேயே குறைக்கலாமா, ஸ்டேட்டின் மாத்திரை வேண்டுமா என்ற மருத்துவச் சர்ச்சை. கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியைக் கல்லீரலே தயாரிக்கிறது. 1970களில் ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ பூஞ்சையிலிருந்து கண்டெடுத்த பொருளின் வழிவந்த ஸ்டேட்டின்கள் அந்தத் தயாரிப்பைக் குறைக்கின்றன.

உணவைப் பொறுத்தவரை, நல்லெண்ணெயிலும் சரி, வேறெந்தத் தாவர எண்ணெயிலும் சரி, கொலஸ்ட்ரால் பெயரளவுக்கே உண்டு; ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்பது வியாபாரப் பேச்சு. கவனிக்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு: நல்லெண்ணெயில் சுமார் 15 சதவீதம், தேங்காயெண்ணெயில் 90ஐ ஒட்டி. மூன்று வேளையும் அரிசியே உண்ணும் காவிரி டெல்டா வழக்கம் இரத்தத்தின் மற்றொரு கொழுப்பான டிரைகிளிசரைடை ஏற்றக்கூடியது.

மாரடைப்பு வந்தவர்களுக்கு ஸ்டேட்டின் உயிர்காக்கும் என்பதை 1994ஆம் ஆண்டின் ஸ்காண்டிநேவிய ஆய்வு நிறுவியது. நோய் வராதவர் எப்போது தொடங்குவது என்பதே மிஞ்சியுள்ள சச்சரவு. மாத்திரையின் பக்கவிளைவாகத் தசைவலி கண்டால் அதைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.