மண்ணுட் கிடக்கும் போத்தல்கள்: ஊவாத் தோட்ட வரலாற்றுக்கு ஒரு சான்று

பழைய கண்ணாடிப் போத்தல்களை மண்ணிலிருந்து அகழ்ந்தெடுத்துத் துலக்கிச் சேர்த்து வைத்தல், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 1960களிலிருந்து பரவிய ஒரு பொழுதுபோக்காகும். குப்பையைக் கிளறுவதால் யாது பயன் என்று நம்மவர் வினவக்கூடும். 1973இல் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் றத்ஜே தொடங்கிய குப்பையாய்வு இதற்கு விடை தருகின்றது. தாம் அருந்தும் மதுவின் அளவு பற்றி மக்கள் வாயாற் கூறியது ஒன்று. அவர்தம் குப்பை காட்டியது பிறிதொன்று.

இத்தகைய ஆய்வுக்குரிய நிலம் ஊவாவில் உண்டு. நமுனுகுல மலைச்சாரலிலும் பதுளையைச் சூழ்ந்த மலைகளிலும் 19ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1869இல் மடுல்சீமைப் பகுதியிற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. இருப்புப்பாதை பதுளையை அடைந்தது 1924ஆம் ஆண்டிலேயாம். அதற்கு முன்னர் மதுவும் மருந்தும் சோடாவும் அடைத்த போத்தல்கள் மாட்டு வண்டிகளிலும் இம்மலைகளுக்கு ஏறி வந்தன.

போத்தலின் வயதை அதன் உடலே கூறும். அடியிற் கரடுமுரடான வடு இருப்பின், அது ஊதுகுழலால் ஊதி, அடியில் இரும்புக் கோல் பொருத்தி வாய் அமைக்கப்பட்ட பழைய போத்தலாதல் கூடும். பக்கவாட்டிலுள்ள அச்சுக்கோடு கழுத்தளவில் நின்றுவிடின் வாய்ப்பகுதி கையால் முடிக்கப்பட்டது. விளிம்பையும் கடந்து செல்லின் பொறியாற் செய்யப்பட்டது. அத்தகைய தன்னியக்கப் பொறியை மைக்கல் ஓவன்ஸ் உருவாக்கியது 1903ஆம் ஆண்டளவிலாகும். கோலி அடைத்த சோடாப் போத்தலுக்கு ஹைரம் கொட் என்பவர் உரிமை பெற்றது 1870களின் தொடக்கத்தில். எனவே அத்தகையதொரு போத்தல் கிடந்த மண்படை அதற்குப் பிற்பட்டதாதல் வேண்டும்.

ஆயின், இங்கு நாம் எழுப்பவேண்டிய வினா வேறொன்று: போத்தலை எறிந்தவர் யார்? வெறும் போத்தலை எறிதல் வசதியுடையோர் செயல். துரை பங்களாவிற் பயனற்றுப்போன போத்தல், லயத்திற் பயனுள்ள பொருளாயிற்று. தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் வாங்கும் அளவு அதுவே. திரியிட்டால் அது குப்பி விளக்கு. தோட்டத்து மருந்தகத்திற் கலவை மருந்து பெறுவதற்கு நோயாளி கொண்டு சென்ற பாத்திரமும் அதுவே. உடையும் வரை அது உழைத்தது, அதனை வைத்திருந்த மக்களைப் போல. ஆகவே, பங்களாக் குழியில் முழுப் போத்தல்கள் மிகுந்தும் லயத்தருகே சில்லுகள் மட்டும் அருகியும் கிடைப்பின், லயத்தார் ஏதும் நுகரவில்லை என முடிவு கட்டுதல் தவறாகும். அச்சில்லுகளே அவர்தம் வாழ்வின் சான்று.

இச்சான்று நமக்கு ஏன் வேண்டும்? தோட்டங்களைப் பற்றிய ஏடுகளிற் பெரும்பாலானவை துரைமாராலும் அதிகாரிகளாலும் எழுதப்பட்டவை. அவற்றிற் தொழிலாளர் தலைக்கணக்காகவே தோன்றுகின்றனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் முன்னோர் இந்நாட்டிற் பிறந்தமையை நிறுவுமாறு கேட்டபோது, பல தலைமுறை உழைத்தோரும் காட்டுதற்கு எழுத்துச் சான்றின்றி நாடற்றோராயினர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அத்துயர் முற்றாகத் தீரவில்லை. ஏட்டில் இடம் பெறாத மக்களுக்கு, அவர்கள் கையாண்ட பொருள்களும் முதியோர் நினைவும் பெருமதிப்புடையன.

இந்நிலையிற் பொழுதுபோக்காளரின் ஆர்வம் நன்மையும் செய்யும், கேடும் செய்யும். துலக்கி அலுமாரியில் அடுக்கிய போத்தல் அழகுடையதே. ஆயினும் எங்கே, எவ்வளவு ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்ற குறிப்பு இல்லையாயின் அது ஊமையாகிவிடும். துலக்குதலிலும் அவசரம் ஆகாது. நெடுநாள் ஈரமண்ணிற் கிடந்த கண்ணாடியின் காரப்பொருள் கரைந்து, மேற்பரப்பு வானவில் நிறம் காட்டி ஏடேடாக உரியும். அமிலமும் கொதிநீரும் அதனை மேலும் கெடுக்கும். குளிர்ந்த நீரும் மென்மையான தூரிகையும் போதுமானவை. உள்ளே காய்ந்திருக்கும் படிவைக் குறிப்பெடுக்காமற் கழுவுதல், அதில் அடைத்திருந்தது யாதென அறியும் வழியை அடைப்பதாகும்.

தொல்பொருள் தேடி அனுமதிப்பத்திரமின்றி அகழ்வதை 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தடை செய்கின்றது. எனவே மாணவராகிய நாம் மண்வெட்டியோடு புறப்பட வேண்டியதில்லை. கான் வெட்டும்போதும் மண் சரியும்போதும் தாமே வெளிப்படுபவற்றின் இடத்தையும் எழுத்தையும் அளவையும் குறித்து வைக்கலாம். அவற்றைக் கையாண்ட முதியோரிடம் பயனைக் கேட்டு எழுதலாம். அவர்கள் மறைந்த பின்னர் கண்ணாடி எஞ்சும். அது எதற்குப் பயன்பட்டது என்று சொல்ல எவரும் எஞ்சார்.