ஒரு நத்தையும் ஒரு நகரமும்

ஆராய்ச்சிக் கட்டுரையின் இறுதியில் மேற்கோள் பட்டியல் ஒன்று இருக்கும். முன்னவர் கண்டறிந்த உண்மையை எந்த இதழில், எந்தப் பக்கத்தில் காணலாம் என்று அது வழிகாட்டும். வழி தவறினால் படிப்பவர் சரிபார்க்க இயலாது. சரிபார்க்க இயலாத கூற்றுக்கு அறிவியலில் மதிப்பில்லை.

1881-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழக விலங்கியல் அறிஞர் எட்வர்டு லாரன்ஸ் மார்க், ஓடில்லா நத்தையின் முட்டை வளர்ச்சியைப் பற்றிய கட்டுரையில், முன்னவரின் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் குறித்தார். 'ஹார்வர்டு முறை'யின் தொடக்கமாக இது கருதப்படுகிறது.

மற்றொன்று எண்முறை. மேற்கோள்கள் வரும் வரிசையில் 1, 2, 3 என எண்ணிடுவார்கள். இதனால் இடம் மிச்சமாகும். ஆனால் நடுவில் ஒன்றைச் சேர்த்தால், பின்வரும் எண்கள் யாவும் மாறிவிடும்!

இதழுக்கு இதழ் முறை வேறுபட்டதால், ஓர் இதழ் மறுத்த கட்டுரையை மற்றோர் இதழுக்கு அனுப்பும்போது பட்டியலை மீண்டும் தட்டச்சு செய்ய நேர்ந்தது. இத்தொல்லையைத் தீர்க்க, மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் 1978-இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடினர். 1979-இல் வெளியான அவர்களது பொது விதிகள் எண்முறையை ஏற்றன. அதுவே 'வான்கூவர் முறை'.

இன்று கணிப்பொறி ஒரு முறையை மற்றொன்றாக நொடியில் மாற்றித் தருகிறது. ஆனால் மூலக் கட்டுரையைப் பாராமல் பிறர் பட்டியலைப் பார்த்தெழுதினால், ஒருவரின் பிழை பலரின் கட்டுரைகளில் பரவும். மூலத்தைத் திறந்து பார்ப்பது இன்றும் எழுதுபவரின் கடமையே.