பாத் நகரத்து ஆடலரங்கும் அவைநாகரிகமும்

ஆடவரும் மகளிரும் கைகோத்து இணைந்தாடும் விருந்து நடனம் நமக்கு அயல்வழக்கே. எனினும், பலர் கூடிய அவையில் ஒருவர் எவ்வாறு ஒழுக வேண்டும் என்பது எந்நாட்டார்க்கும் பொதுவான வினா. அவ்வினாவிற்கு இங்கிலாந்தின் பாத் நகரம் பதினெட்டாம் நூற்றாண்டில் கண்ட விடை எண்ணிப் பார்க்கத் தக்கது.

வெந்நீர் ஊற்றுகளால் பெயர்பெற்ற அந்நகருக்கு 1705ஆம் ஆண்டில் ரிச்சர்ட் நாஷ் வந்து சேர்ந்தார். 1674இல் சுவான்சியில் பிறந்த இவர் பிரபு குலத்தவர் அல்லர். படைப்பணியிலும் சட்டக்கல்வியிலும் நிலைக்காமல் சூதாட்டத்தில் நாட்டம் கொண்டவர். அங்கு நடன நிகழ்ச்சிகளை நடத்திவந்த வெப்ஸ்டர் வாட்போர் ஒன்றில் மாண்டார். அவரிடத்திற்கு வந்த நாஷ், நடனக்கூடத்தில் எவரும் வாளணிதல் கூடாது என விதித்தார். இடையில் வாள் தொங்கும்வரை ஒரு சொற்பிழையும் உயிரிழப்பில் முடியக்கூடும் அன்றோ?

நடனம் மாலை 6 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணிக்கு முடிந்துவிடும். இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் மகள் அமீலியா இன்னும் ஓர் ஆட்டம் வேண்டியபோதும் நாஷ் இசையவில்லை. விலக்கப்பட்ட வெண்ணிற முன்துணியை அணிந்துவந்த குவின்ஸ்பெரி கோமகளிடமிருந்து அதனைக் களைந்து பணிப்பெண்களிடையே எறிந்தார். நாஷின் வரலாற்றை 1762இல் வெளியிட்ட ஆலிவர் கோல்ட்ஸ்மித் இச்செய்திகளைக் குறித்துள்ளார். மகளிர்க்கு முன்னே ஆடவர் முண்டியடித்து நிற்பது பண்பன்று என்பதும் 1742ஆம் ஆண்டு விதிகளுள் ஒன்று.

ஆயினும் அவ்வொழுங்கில் முழுச் சமன்மை நிலவியதாகக் கூற இயலாது. முதல் மினுவே நடனம் அவையில் உயர்நிலையினர்க்கே உரியது. பெண் தானே சென்று துணையை அழைத்தல் இயலாது. அழைத்தவரை மறுக்க மட்டுமே முடியும். ஒருவரை மறுத்தவள் பிறரோடும் ஆடாதிருத்தலே முறையெனக் கருதப்பட்டது.

1801 முதல் 1806 வரை பாத் நகரில் வாழ்ந்த ஜேன் ஆஸ்டின் ஆடலரங்கின் இந்நிலையை நன்குணர்ந்தவர். 1815 இறுதியில் வெளிவந்த அவருடைய 'எம்மா' புதினத்தில், துணையின்றி அமர்ந்திருக்கும் ஹாரியட்டோடு ஆட எல்டன் மறுக்கிறார். இனிய சொற்களாலேயே மறுக்கிறார். பொதுவாக ஆட முன்வராத நைட்லியோ எழுந்து சென்று அவளை அழைத்து ஆடுகிறார். எல்டனிடம் சொல்நயம் இருந்தது. பண்பு நைட்லியிடம் இருந்தது.

நாஷின் விதிகள் வாளைக் களையச் செய்தன. அரசகுமாரியையும் நேரத்திற்குக் கட்டுப்படச் செய்தன. ஒதுங்கி அமர்ந்திருப்பவரைக் காணும் கண்ணை மட்டும் எவ்விதியாலும் தர இயலவில்லை.

பத்தாண்டுகளாக அவை கூட்டிவரும் நம் வட்டத்திற்கும் இது பொருந்தும். மூத்த கவிஞர்க்கு மாலையும் பொன்னாடையும் தவறாமல் அணிவிக்கிறோம். தம் முதற்கவிதையைக் கையில் மடித்துப் பின்வரிசையில் காத்திருப்பவரை மேடைக்கு அழைத்தோமா என்பதே நம் அவைநாகரிகத்தின் உரைகல்லாகும்.