சூழல் தூய்மைப்பணியில் செலவு-பயன் பகுப்பாய்வு

மாசுபட்ட நிலத்தையோ நீர்நிலையையோ சீர்செய்யப் பல வழிகள் இருக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவையும் அதனால் தவிர்க்கப்படும் நோய், இறப்பு, சொத்திழப்பு ஆகியவற்றையும் பணமதிப்பில் வைத்து ஒப்பிடும் முறை. தீங்கு நிகழுமா என்பது உறுதியற்றதாகையால், அதன் அளவு நிகழ்தகவால் பெருக்கப்பட்டு, எதிர்பார்ப்பு மதிப்பாகக் கணக்கில் ஏறுகிறது.

பொதுப்பணிகளின் பயனை அளப்பது குறித்துப் பிரெஞ்சுப் பொறியாளர் ழூல் துப்புயி 1844இல் எழுதிய கட்டுரை இம்முறையின் தோற்றுவாயாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. அமெரிக்காவின் 1936ஆம் ஆண்டு வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் இதனை அரசு நடைமுறைக்குள் கொண்டுவந்தது.

தூய்மைப்பணியில் இதன் வரலாறு பெரிதும், நச்சுக்கழிவுத் தளங்களைச் சீர்செய்ய அமெரிக்கா இயற்றிய சூப்பர்ஃபண்டு சட்டத்தின் வரலாறே. நியூயார்க் மாநிலத்தின் லவ் கால்வாயில் ஹூக்கர் நிறுவனம் புதைத்த ஏறத்தாழ 21,000 டன் வேதிக்கழிவின் மேல் பள்ளியும் வீடுகளும் எழுந்திருந்தன. 1978இல் அங்கு நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டதை அடுத்து, 1980 டிசம்பரில் இச்சட்டம் இயற்றப்பட்டது. 1986ஆம் ஆண்டுத் திருத்தம் கோரியது செலவு-பயன் பகுப்பாய்வை அன்று, செலவுத்திறனை மட்டுமே. அதாவது, இலக்கு முன்னரே வகுக்கப்பட்டிருக்க, அதைக் குறைந்த செலவில் எட்டும் வழியைத் தேர்ந்தால் போதும். 1990இல் வந்த விதிகள், வாழ்நாளில் கூடுதலாகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று முதல் பத்து லட்சத்தில் ஒன்று வரை இருப்பதை ஏற்கத்தக்க வரம்பாகக் கொண்டு, தீர்வைத் தேர்வதற்கான ஒன்பது அளவுகோல்களுள் ஒன்றாகச் செலவை வைத்தன. பயனைப் பணத்தில் கூறும் கடமை எவருக்கும் விதிக்கப்படவில்லை.

இந்த இடைவெளியைச் சுட்ட அடிக்கடி எடுத்தாளப்படுவது நியூஹாம்ஷயரின் கிங்ஸ்டன் கழிவுத்தள வழக்கு. மேல்முறையீட்டு நீதிபதியாக அதை விசாரித்த ஸ்டீபன் பிரேயர், பின்னர் 1993இல் வெளியிட்ட நூலில் அதனை விவரித்தார். பெரும்பகுதி தூய்மையான பின்னும் எஞ்சிய மண்ணை எரித்துச் சீராக்க 93 லட்சம் டாலர் ஆகும் என்பதே வழக்கில் எஞ்சிய சிக்கல். அச்செலவு இல்லாமலேயே, அங்கு விளையாடும் குழந்தைகள் ஆண்டில் 70 நாள்கள் சிறிதளவு மண் தின்றாலும் குறிப்பிடத்தக்க தீங்கு நேராது. செலவிட்டால் அந்த நாள்கள் 245 ஆக உயரும். ஆனால் அந்த இடம் சதுப்பு நிலம்; மண் தின்னக் குழந்தைகள் எவரும் அங்கு இல்லை. எளிதில் ஆவியாகும் வேதிப்பொருள்களில் பாதியேனும் 2000ஆம் ஆண்டுக்குள் தாமே ஆவியாகிவிடக்கூடும் என்பதையும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தன.

பொருளியலாளர்கள் ஹாமில்டனும் விஸ்கூசியும் 150 கழிவுத்தளங்களை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட நூல், பெரும்பாலான தளங்களில் ஒரு புற்றுநோயைத் தவிர்க்க ஆகும் செலவு 10 கோடி டாலரை மிஞ்சியதாகக் காட்டியது. இத்தகைய கணக்குகள் புற்றுநோய் அல்லாத கேடுகளையும் நிலத்தடி நீரின் பிற்காலப் பயனையும் போதிய அளவு எண்ணவில்லை என்போரும் உளர். தூய்மைப்பணியால் வீட்டுவிலை உயர்கிறதா என்பதிலும் கருத்து ஒன்றுபடவில்லை: பொருளியலாளர்கள் கிரீன்ஸ்டோன், கேலகர் இருவரும் 2008இல் தெளிவான உயர்வைக் காணவில்லை, 2013இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, விலை குறைந்த வீடுகளுக்கு உயர்வு உண்டு என்றது.

மிகுந்த சர்ச்சைக்குரியது தள்ளுபடி விகிதம், அதாவது வருங்காலப் பயனை இன்றைய மதிப்புக்குச் சுருக்கும் வீதம். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் தவிர்க்கப்படும் 10 லட்சம் டாலர் இழப்பு, 3 விழுக்காட்டில் இன்று ஏறத்தாழ 2.28 லட்சம் பெறும். 7 விழுக்காட்டில் 34 ஆயிரம் மட்டுமே. புற்றுநோய் தோன்றப் பல்லாண்டுகள் ஆவதால் இவ்வேறுபாடே முடிவைப் புரட்டிவிட வல்லது. ஓர் உயிரைக் காக்க ஆகும் செலவாகப் பரவலாக மேற்கோள் காட்டப்பட்ட பெருந்தொகைகள் பல, இச்சுருக்கத்தால் ஊதிப்போனவை என்று சட்ட அறிஞர் லிசா ஹைன்சர்லிங் 1998இல் வாதிட்டார். அமெரிக்க அரசு விதிகளை மதிப்பிட 2003இல் பரிந்துரைத்த இவ்விரு வீதங்களும் 2023இல் 2 விழுக்காடாக மாற்றப்பட்டன. அம்மாற்றம் 2025இல் கைவிடப்பட்டது.

தூய்மை இலக்கு எவ்வளவு கடுமையாக இருக்கவேண்டும் என்ற விவாதம் இந்தியாவில் கொடைக்கானலில் எழுந்தது. 2001இல் மூடப்பட்ட பாதரச வெப்பமானித் தொழிற்சாலையின் வளாகத்தில், கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்பது தூய்மை இலக்காக ஏற்கப்பட்டது. இது தளர்வானது எனச் சூழல் ஆர்வலர்கள் எதிர்த்தனர். இலக்கை மேலும் இறுக்கினால் மரங்களை வெட்டி மேல்மண்ணை அகற்ற நேர்ந்து, சரிவில் மண்ணரிப்பு மிகும் என்பது மறுதரப்பு வாதம்.