வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள்: அன்றாட வாழ்க்கையும் விலைவாசியும் (1975–1980)

புதுச்சேரி நகருக்கு மேற்கே சங்கராபரணி ஆற்றை ஒட்டி வில்லியனூரும், தெற்கே தென்பெண்ணைப் பாசனத்தில் பாகூரும் அமைந்துள்ளன. இரண்டும் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஊரகக் கொம்யூன்கள். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட 1975 ஜூன் முதல் 1980 ஜனவரித் தேர்தல் வரை இவ்வூர்களில் மக்கள் பெற்ற கூலி, கொடுத்த விலை, கேட்ட பாட்டு, பார்த்த படம் ஆகியவற்றை இக்கட்டுரை கூறுகிறது. அக்காலத்தை நினைப்பவர்கள் "அப்போது எல்லாமே மலிவு" என்பது வழக்கம். விலையை மட்டும் பார்த்தால் அது உண்மை போலத் தோன்றும். கூலியோடு சேர்த்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல இயலாது.

எல்லையும் ஆட்சியும்

பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் முடிவுக்கு வந்தது. ஆனால் அந்த ஆட்சி வகுத்த எல்லைகள் அப்படியே நின்றன. புதுச்சேரி நிலம் ஒரே துண்டாக இல்லாமல் அன்றைய தென்னாற்காடு மாவட்டத்துக்குள் சிதறிக் கிடந்தது. பக்கத்து ஊருக்குப் பெண் பார்க்கப் போனவர் வழியில் இரண்டு மூன்று முறை தமிழ்நாட்டுக்குள் நுழைந்து வெளியேறுவார். ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் வேறு சட்டம்.

நில அளவையிலும் இந்த வேறுபாடு தெரிந்தது. தமிழ்நாட்டு உழவர் ஏக்கர், சென்ட் என்று கணக்குச் சொன்னார். பாகூர் உழவர் வாய்ப்பேச்சில் குழியும் காணியும் சொன்னார். அவருடைய பத்திரத்தில் ஹெக்டேரும் ஆரும் இருந்தன. இங்கே ஒரு குழி 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி, அதாவது ஏறத்தாழ 1.32 ஏக்கர். கொம்யூன் தலைவரான மேர் பதவி 1973ஆம் ஆண்டின் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டத்தோடு பழங்கதையானது. 1968இல் நடந்த தேர்தலுக்குப் பின் அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2006இல்தான் நடந்தது. ஆகவே இக்கட்டுரை பேசும் ஐந்து ஆண்டுகளில் தெருக்குழாய்க்கும் விளக்குக்கும் மக்கள் அலுவலர்களையே நாட வேண்டியிருந்தது. பிரெஞ்சுக் காலத்திலிருந்து வந்த போலீஸ்காரர்களின் சிவப்புத் தொப்பி மட்டும் மாறவில்லை.

பிரெஞ்சுப் படையில் பணியாற்றித் திரும்பியவர்களை ஊரார் "சொல்தா" என்றனர். அவர்களுக்குப் பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வந்தது. உழவுக் கூலியை நம்பிய தெருவில் ஒரு சொல்தா வீடு இருந்தால் அங்கே ஓடு வேய்ந்திருக்கும், ரேடியோ பாடும், பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள்.

வயலும் ஆலையும்

பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். தென்பெண்ணை நீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வந்தது. புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி இது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் பிரித்துப் பயிரிட்டனர். ஐ.ஆர். 8, ஐ.ஆர். 20 போன்ற குட்டை ரக நெல் பரவிய காலம் அது. மின்மோட்டார் வந்த கிணறுகளில் ஏற்றம் கழற்றி வைக்கப்பட்டது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். உரமும் பூச்சிமருந்தும் எப்போது, எவ்வளவு என்ற பேச்சு டீக்கடைக்கு வந்தது இந்த ஆண்டுகளில்தான்.

புன்செயில் மல்லாட்டை, கேழ்வரகு, கம்பு, சவுக்கு ஆகியவை விளைந்தன. கரும்பு வில்லியனூர்ப் பக்கம் அரியூர் ஆலைக்குப் போயிற்று. ஆலை தொடங்கும் பருவத்தில் கட்டு வண்டிகள் சாலையோரம் இரவெல்லாம் வரிசையில் நிற்கும். வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டிக்கடியிலேயே படுத்துக்கொள்வார்கள்.

வில்லியனூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு நிலையான வருமானம் நகரத்துப் பஞ்சாலைகளிலிருந்து வந்தது. ரோடியர் மில் என்று மக்கள் அழைத்த ஆங்கிலோ பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ், சுதேசி மில், பாரதி மில் ஆகிய மூன்றும் அன்று ஓடிக்கொண்டிருந்தன. ஷிப்டுக்குப் போகிறவர்கள் தூக்குச்சட்டியைக் கைப்பிடியில் மாட்டி விடியுமுன் சைக்கிள் மிதித்தனர். மில் வேலை என்றால் மாதச் சம்பளம், போனஸ், சங்கம். பெண் கொடுக்கும் வீட்டார் முதலில் விசாரித்தது அதைத்தான். 1978 ஏப்ரலில் சுதேசி மில்லின் நிர்வாகத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. ஆலை மூடப்படலாம் என்ற அச்சம் அப்போதே மக்கள் மனத்தில் நுழைந்துவிட்டது.

விலையும் கூலியும்

அகில இந்திய அளவில் 1977–78இல் வேளாண் தொழிலாளியான ஓர் ஆணின் நாட்கூலி நான்கு ரூபாயை ஒட்டியே இருந்தது. பெண்ணுக்கு அதிலும் குறைவு. அறுவடைக் கூலி மட்டும் பணமாக அன்றி நெல்லாகவே கிடைத்தது. களத்தில் தூற்றி முடித்த பொலியிலிருந்து மரக்காலால் அளப்பார்கள். அளப்பவர் கை மரக்காலின் மேல் விளிம்பை வழித்துவிடுகிறதா, குவித்துவிடுகிறதா என்பதை வரிசையில் நிற்கும் பெண்கள் கண் இமைக்காமல் பார்த்திருப்பர். ஒரு குடும்பம் அடுத்த சில வாரம் சோறு உண்பதா கூழ் குடிப்பதா என்பதை அந்தக் கை முடிவு செய்தது.

மத்திய அரசு நெல்லுக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1976–77இல் 74 ரூபாய், 1977–78இல் 77, அடுத்த ஆண்டு 85, 1979–80இல் 95, 1980–81இல் 105. கரும்புக்கான குறைந்தபட்ச விலை டன்னுக்கு 85 ரூபாயில் சில ஆண்டுகள் நின்று, 1978–79இல் 100 ஆகி, மறு ஆண்டு 125 ஆயிற்று. உழவருக்கு விலை ஏறியது உண்மைதான்.

தங்கத்தோடு ஒப்பிட்டால் நிலைமை விளங்கும். 1977இல் பத்து கிராம் தங்கம் சராசரியாக 486 ரூபாய். ஒரு பவுன் சுமார் 390. அதாவது 75 கிலோ மூட்டையில் ஏழு மூட்டை நெல் விற்றால் ஒரு பவுன் வாங்கலாம். 1980இல் பத்து கிராம் 1,330 ரூபாய் ஆனது. பவுன் ஆயிரத்தைத் தாண்டியது. அப்போது அதற்குப் பதின்மூன்று மூட்டைக்கு மேல் விற்க வேண்டியிருந்தது. மூன்றே ஆண்டில் பெண்ணைப் பெற்றவரின் சுமை நெல் கணக்கில் இரண்டு மடங்கானது. நிலமில்லாத கூலிக்காரருக்கோ 1977இன் ஒரு பவுனே ஏறத்தாழ நூறு நாள் உழைப்பு. "பவுன் நானூறுக்கு விற்ற காலம்" என்று பெருமூச்சு விடுகிறவர்கள் இந்த நூறு நாளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1978 ஜனவரி 16 அன்று 1,000, 5,000, 10,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அரசு அறிவித்தது. கிராமங்களில் அது செய்தித்தாள் செய்தியாகவே கடந்து போனது. இங்கே புழங்கியது பைசா. ஓரம் நெளிந்த பத்துப் பைசா, சதுரமான ஐந்து பைசா, தாமரை பொறித்த பித்தளை இருபது பைசா ஆகியவைதான் கடைவீதியின் பணம். பத்தாண்டின் முடிவில் அஞ்சலட்டை 15 பைசா.

ரேஷன் கடையில் அரிசி, சர்க்கரை, கிருஷ்ணாயில் கிடைத்தன. சர்க்கரைக் கட்டுப்பாட்டை ஜனதா அரசு 1978 ஆகஸ்டில் நீக்கியது. விலை முதலில் சரிந்து பிறகு ஏறியதும் 1979 டிசம்பரில் மீண்டும் கட்டுப்பாடு வந்தது. ஈரான் புரட்சிக்குப் பின் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியபோது அமெரிக்காவில் பெட்ரோல் பங்குகளின் முன் கார்கள் வரிசையாக நின்றன. இங்கே ரேஷன் கடை முன் கிருஷ்ணாயில் டின்கள் நின்றன. அங்கே 1978இல் சட்டப்படியான குறைந்த கூலி மணிக்கு 2.65 டாலர். டாலர் எட்டு ரூபாயை ஒட்டியிருந்த அந்த ஆண்டில் ஒரு மணி நேரத்துக்கு அது இருபது ரூபாய்க்கு மேல். இங்குள்ள உழவுத் தொழிலாளி அதைச் சம்பாதிக்க ஐந்து நாள் சேற்றில் நிற்க வேண்டும்.

சாராயக் கடை

தமிழ்நாட்டில் 1974 முதல் 1981 வரை மதுவிலக்கு இருந்தது. புதுச்சேரியில் இல்லை. கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்து ஆட்கள் மாலையில் எல்லை தாண்டி வருவதற்கு இதுவே காரணம். கடலூர்ச் சாலையில் கன்னியக்கோயில், விழுப்புரம் சாலையில் வில்லியனூர் போன்ற இடங்களில் கடைவீதி இருட்டிய பிறகும் ஓய்வதில்லை. வறுத்த மீன், மல்லாட்டை, அவித்த முட்டை விற்ற பெண்கள் அதைக் கொண்டே குடும்பம் நடத்தினர். கள்ளுக்கடை, சாராயக் கடை உரிமத்தை ஏலத்தில் எடுத்தவர் ஊரில் செல்வாக்கு மிக்கவரானார். அரசு சாராய ஆலை இருந்ததும் வில்லியனூரை அடுத்த ஆரியப்பாளையத்தில்தான். திரும்பிப் போகும் வழியில் சோதனைச் சாவடி. சைக்கிள் டியூபில் சாராயம் ஊற்றிக் கடத்தினார்கள்.

அரசின் வருவாய்க்கு இக்கடைகள் பெரும் துணை. ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த குடும்பங்களுக்கு அவை செய்த கேடு எந்த வரவுக் கணக்கிலும் ஏறவில்லை. மில் சம்பள நாளில் ஆலை வாசலுக்கே போய்க் கணவனுக்காகக் காத்து நின்ற பெண்கள், அவன் கடைக்குப் போய்ச் சேருமுன் அரிசிப் பணத்தை வாங்கிவிட நின்றவர்கள். இக்காலத்தின் பொருளாதார வரலாற்றில் அவர்களுக்குரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

பாட்டும் படமும் திருவிழாவும்

டூரிங் கொட்டகைதான் கிராமத்துக்குத் திரை. கீற்றுக் கூரை, மணல் தரை, பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் சில நாற்காலிகள். ரீல் மாற்றும் இடைவேளைகளில் முறுக்கும் கோலி சோடாவும் விற்கும். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்காரும் சிறுவனைப் பின்னாலிருப்பவர் தலையில் தட்டி இறக்குவார். நகரத்தில் வெளியான படம் இங்கு வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். எம்.ஜி.ஆர். 1977 ஜூன் 30 அன்று தமிழக முதல்வரானார். 1978 பொங்கலுக்கு வந்த "மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்" அவருடைய கடைசிப் படம். சிவாஜியின் 200ஆவது படமான "திரிசூலம்" 1979 ஜனவரியில் வந்தது. அவற்றுக்கு முன்பே 1977 செப்டம்பரில் வெளிவந்த "16 வயதினிலே" கிராமத்து முகங்களைக் கிராமத்திலேயே எடுத்துக் காட்டியது. அரங்கில் கட்டிய கிராமத்தையே பார்த்துப் பழகியவர்கள் தங்கள் ஊரைப் போன்ற ஓர் ஊரைத் திரையில் கண்டார்கள். தமிழ்த் திரையில் இக்காலத்தின் பெருமாற்றம் இதுவே.

இளையராஜாவின் பாட்டு 1976இன் "அன்னக்கிளி" தொட்டு வயல்வரை வந்தது. வானொலியில் புதுச்சேரி நிலையம் 1967 முதல் ஒலித்தாலும், இளைஞர்கள் டிரான்சிஸ்டரைத் திருப்பியது இலங்கை வானொலிக்கு. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரலைப் பாகூர்ச் சலூனில் அமர்ந்தவரும் அடையாளம் கண்டார். தொலைக்காட்சி 1975இல் சென்னைக்கு வந்தும் இங்கே வீடுகளில் இல்லை. அமெரிக்க டிஸ்கோ அலையில் பரவிய பெல்பாட்டம் பேன்ட்டும் நீண்ட காலர் சட்டையும் சினிமா வழியாகத் தையற்கடைக்கு வந்தன. முத்து காமிக்ஸ் வழியாக வேதாளன் என்ற வெளிநாட்டு வீரன் பள்ளிச் சிறுவர்களுக்குத் தமிழ் பேசினான். 1977இல் கோக்க கோலா இந்தியாவை விட்டுப் போனதைப் பற்றி இங்கே யாரும் கவலைப்பட்டதில்லை. கோலி சோடா இருந்தது.

வைகாசியில் வில்லியனூர் திருக்காமீசுவரர் தேர். பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்த மரபைத் துணைநிலை ஆளுநர்கள் தொடர்ந்தனர். 1877இல் சொரூபம் நிறுவப்பட்ட லூர்து மாதா கோயில் இந்த ஆண்டுகளில் நூற்றாண்டு கண்டது. ஈஸ்டருக்குப் பின் வரும் அதன் பெருவிழாவுக்கு எல்லா மதத்தாரும் வந்தனர். விழுப்புரத்திலிருந்து மீட்டர் கேஜ் ரயிலில் வந்து வில்லியனூரில் இறங்கிய கூட்டம் மிகப் பெரிது. அந்தப் பாதை 1879இல் திறக்கப்பட்டது. கூத்து பார்க்க மட்டும் எவரும் காசு கொடுக்க வேண்டியதில்லை. விடியும்வரை நடந்த பாரதக் கூத்துக்கு ஊர்ப்பொதுவே செலவு செய்தது.

1979 ஜனவரி

புதுச்சேரியை அண்டை மாநிலங்களோடு இணைக்கலாம் என்ற பிரதமர் மொரார்ஜி தேசாயின் கருத்து 1979 ஜனவரியில் பெருங்கிளர்ச்சியைக் கிளப்பியது. நகரத்தில் தொடங்கிய போராட்டம் கொம்யூன்களுக்கும் பரவியது. தமிழ்நாட்டோடு மொழி, உறவு, சாமி எல்லாம் ஒன்றாக இருந்தும் மக்கள் இணைப்பை ஏற்கவில்லை. தனி அரசு வேலைகளும், தனி நிதியும், பக்கத்திலேயே இருந்த தலைமைச் செயலகமும் அவர்களுக்குக் கண்ணெதிரே இருந்த நன்மைகள். அவர்கள் முடிவு சரியானது என்றே கருத வேண்டும். 1977இல் இங்கே ஆட்சி அமைத்த அ.தி.மு.க., 1980 ஜனவரிச் சட்டமன்றத் தேர்தலில் ஓரிடம்கூடப் பெறவில்லை.

இக்காலத்தைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் நகரத்தையும் ஆலைகளையும் பற்றியவை. வில்லியனூர், பாகூர் வீடுகளின் பரணில் அன்றைய ரேஷன் அட்டையோ, கூட்டுறவுச் சங்கப் பாஸ் புத்தகமோ, மில் சம்பளச் சீட்டோ, மளிகைக்கடைக் கடன் நோட்டோ கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.